பிரான்ஸ் கிராமங்கள் வழியே குழுவாக ஒரு நடைப்பயணம்: லு புயியிலிருந்து கோங்க் வரை

கேள்வி இதுதான்: நண்பர்கள் எட்டுப் பேர், வயது 45 முதல் 62 வரை. பேருந்தில் ஏறி இறங்கிப் பார்க்கும் சுற்றுலா அலுத்துவிட்டது. பிரான்ஸில் பழைய ஊர்கள், கோட்டைகள், தேவாலயங்கள் வழியாகப் பத்துப் பன்னிரண்டு நாள் நடக்க வேண்டும். லுவார் பள்ளத்தாக்கா, டோர்டோனா, கத்தார் (இடைக்காலக் கிறிஸ்தவப் பிரிவு ஒன்றின் பெயர்) கோட்டைகளா? வழிகாட்டி தேவையா? பெட்டியை யார் தூக்குவது? எங்களில் மூன்று பேர் சைவம், சமாளிக்க முடியுமா?

என் பதில், நீங்கள் சொன்ன மூன்றுமே இல்லை. லு புயி-அன்-வெலே என்ற ஊரிலிருந்து கோங்க் வரை போகும் பழைய யாத்திரைப் பாதையில் நடங்கள். ஏறக்குறைய 205 கிலோமீட்டர். ஏன் என்று சொல்கிறேன்.

லுவார் அரண்மனைகள் அழகுதான். ஆனால் நிலம் தட்டை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தூரம் அதிகம், அங்கே சைக்கிள்தான் பொருத்தம். டோர்டோனில் ஒரே ஊரில் தங்கிக்கொண்டு தினமும் ஒரு திசையில் போய்த் திரும்புவதுதான் வழக்கமான ஏற்பாடு. நல்ல விடுமுறை, ஆனால் பயணம் போன உணர்வு வராது. ஃபுவா நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை போகும் கத்தார் பாதையில் மோன்செகூர், பெய்ர்பெர்துஸ் மாதிரியான கோட்டைகள் உண்டு. வரலாறும் கனமானது. ஆனால் செங்குத்தான கல் பாதை, கோடையில் கடும் வெயில். முட்டி வலி உள்ள ஒருவர் குழுவில் இருந்தாலே சிரமம்.

லு புயி பாதையில் நடப்பதே வரலாறு. மற்ற இடங்களில் கோட்டையைப் பார்ப்பதற்காக நடப்போம். இங்கே பாலம், சிலுவை, சத்திரம், தேவாலயம் எல்லாமே நடந்து வருபவர்களுக்காகக் கட்டப்பட்டவை. 950ஆம் ஆண்டு வாக்கில் லு புயியின் ஆயர் கோதெஸ்கால்க் ஸ்பெயினின் சந்தியாகோ நகரில் உள்ள, இயேசுவின் சீடர் சந்தியாகப்பர் கல்லறைக்குப் புறப்பட்டுப் போனார். பிரான்ஸிலிருந்து அங்கே போனவர்களில் பெயர் தெரிந்த முதல் சிலரில் அவர் ஒருவர். அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் மக்கள் இந்த வழியில் போயிருக்கிறார்கள். பிரான்ஸில் உள்ள சந்தியாகோ பாதைகளை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டடங்களோடு ஏழு நடைபாதைத் துண்டுகளையும் சேர்த்தது. அதில் இரண்டு உங்கள் வழியிலேயே வருகின்றன: நாஸ்பினாலிலிருந்து சேன்-ஷெலி-தோப்ராக் வரை ஒன்று, சேன்-கோம்-தோல்ட்டிலிருந்து எஸ்தேன் வரை இன்னொன்று. மண் பாதைக்கே அந்த மதிப்பு.

இன்றைக்கு இதன் பெயர் ஜி.ஆர். 65, பிரான்ஸின் நெடுந்தூர நடைபாதைகளில் ஒன்று. மரத்திலும் கல்லிலும் மின்கம்பத்திலும் வெள்ளைக் கோடு, அதன் கீழே சிவப்புக் கோடு வரைந்திருக்கும். இரண்டும் இணையாக இருந்தால் சரியான வழி, பெருக்கல் குறி போட்டிருந்தால் தவறான வழி, அம்புபோல் வளைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அடையாளங்கள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால், வழி காட்டுவதற்கென்று ஒரு ஆளைக் கூலி கொடுத்து அழைத்துப்போகத் தேவையில்லை. அந்தப் பணத்தில் லு புயியில் அரை நாளும் கோங்க்கில் அரை நாளும் உள்ளூர் வழிகாட்டியை ஏற்பாடு செய்யுங்கள். விளக்கம் தேவைப்படுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

லு புயிக்கு முதல் நாள் மதியமே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பாரிஸிலிருந்து லியோனுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து சேன்-எத்தியேன் வழியாக வட்டார ரயில். எரிமலைக் குழம்பு உறைந்து நின்ற பாறைகளுக்கு நடுவே உள்ள ஊர் இது. ஒரு பாறையின் உச்சியில் புனித மிக்கேல் சிற்றாலயம், ஏற 268 படிகள். கோதெஸ்கால்க் காலத்தில் எழும்பியது. மற்றொரு பாறையில் மரியன்னையின் சிவப்பு நிறச் சிலை, கிரிமியப் போரில் செவஸ்தபோலில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1860இல் நிறுவியது. சிற்றாலயத்துக்கு அவசியம் ஏறுங்கள். அடுத்த சில நாட்களுக்கு உங்கள் கால்கள் என்ன சொல்லப்போகின்றன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மறுநாள் காலை 7 மணிப் பூசைக்குப் பேராலயத்துக்குப் போங்கள். நீங்கள் எந்த மதமானாலும் சரி, யாரும் கேட்பதில்லை. பூசை முடிந்ததும் புறப்படுகிறவர்களைச் சந்தியாகப்பர் சிலைக்கு முன்னால் கூப்பிட்டு, யார் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள், ஆசி கொடுப்பார்கள். அப்புறம் ஆலயத்தின் நடுத்தளத்திலேயே ஒரு கம்பிக் கதவு திறக்கும். தரைக்குள் படிகள் இறங்கும். அந்தப் படிகள் வழியே கீழே போனால் நேராக ஊருக்கு மேலே வெளியே வருவீர்கள், எதிரே தெருவும் கூரைகளும் மலைகளும். இப்படி ஒரு புறப்பாடு வேறு எந்த நடைபாதையிலும் எனக்குத் தெரிந்து கிடையாது. குழுவாகப் போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

முதல் நாள் சேன்-ப்ரிவா-தாலியே வரை சுமார் 24 கிலோமீட்டர். எரிமலை மண், கருங்கல் வேலிகள், பச்சை நிற லெண்டில் பருப்பு வயல்கள். அந்தப் பருப்புக்கு 1996இல் பிறப்பிட அடையாளச் சான்று கிடைத்தது. இரவு உணவில் அதைப் பார்ப்பீர்கள். இரண்டாம் நாள் தூரம் 19 கிலோமீட்டர்தான், ஆனால் இந்தப் பயணத்தின் முதல் சோதனை அதுதான். ரோஷ்குத் சிற்றாலயத்திலிருந்து அலியே ஆற்றுப் பள்ளத்துக்குச் செங்குத்தான இறக்கம், மோனிஸ்த்ரோலில் பாலம் தாண்டியதும் அதே அளவு ஏற்றம். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். இரண்டு கைக்கும் நடைக்கோல் வைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

அன்று மாலை சோக் என்ற ஊர். இந்த வட்டாரத்தின் பழைய பெயர் ஜெவோதான். 1764 முதல் 1767 வரை ஒரு விலங்கு இங்கே ஏறக்குறைய நூறு பேரைக் கொன்றது. பெரும்பாலும் மாடு ஆடு மேய்த்த சிறுவர்களும் பெண்களும். மன்னர் பதினைந்தாம் லூயி தன் துப்பாக்கி அதிகாரி ஃப்ரான்சுவா அந்துவானை அனுப்பினார், அவர் 1765 செப்டம்பரில் பெரிய ஓநாய் ஒன்றைச் சுட்டுக் கொன்றார், விஷயம் முடிந்ததென்று அரசவை கொண்டாடியது. ஆனால் சாவுகள் நிற்கவில்லை. கடைசியில் 1767 ஜூன் 19 அன்று ஜான் ஷஸ்தேல் என்ற உள்ளூர்க்காரர் ஒரு விலங்கைச் சுட்டதோடு எல்லாம் ஓய்ந்தது. அதற்கென்று ஊரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. மறுநாள் மார்ஜெரீட் மேட்டுநிலத்தின் பைன் காடுகளுக்குள் நடக்கும்போது, தனியாக மாடு மேய்த்த அந்தப் பிள்ளைகளின் நிலைமை வேறு மாதிரி புரியும்.

மூன்றாம் இரவுக்கு லு சோவாஜ் என்னும் பண்ணைவீட்டில் இடம் பிடியுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,292 மீட்டர், சுற்றிலும் புல்வெளியும் காடும் மட்டும். பருத்த கருங்கல் சுவர்கள். ஒரு காலத்தில் லு புயியின் மருத்துவ விடுதிக்குச் சொந்தமான இடம். இங்கே படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே உங்கள் தேதிகளையே இதைச் சுற்றி அமைத்துக்கொள்வது நல்லது. பலர் இங்கிருந்து ஒரே நாளில் 28 கிலோமீட்டர் நடந்து ஓமோன்-ஓப்ராக் போய்விடுவார்கள். நீங்கள் அதைச் சேன்-அல்பானில் உடைத்து இரண்டு நாளாக்குங்கள். நாலாம் நாளில்தான் கொப்புளமும் கோபமும் சேர்ந்து வரும். அன்று குறைந்த தூரம் நடந்தால் குழு உடையாது.

அடுத்தது ஓப்ராக். இந்த ஒரு நிலத்துக்காகவே நான் மறுபடி மறுபடி இந்தப் பாதையைச் சொல்வேன். மரமே இல்லாத மேட்டுநிலம், 1,300 மீட்டருக்கு மேல் ஏறும். கல் அடுக்கி எழுப்பிய வேலிகள், அவற்றுக்கு நடுவே மாட்டுத்தடங்கள். கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கோதுமை நிற மாடுகள், அந்த இனத்தின் பெயரும் ஓப்ராக்தான். மே மாதக் கடைசியில் பூவும் கொடியும் மணியும் கட்டி அவற்றைக் கீழிருந்து மேய்ச்சலுக்கு ஏற்றுவார்கள். திருவிழா பார்க்க ஆசையென்றால் அந்த வார இறுதியைப் பிடியுங்கள், ஆனால் படுக்கை கிடைப்பது கடினம். மே, ஜூனில் புல்வெளி முழுக்க நார்சிசஸ் பூத்திருக்கும். வாசனைத் திரவியத்துக்காக அறுவடை செய்து கிராஸ் நகருக்கு அனுப்புகிறார்கள்.

அழகு ஒரு பக்கம், இந்த இடத்தின் அபாயம் மூடுபனி. அரை மணியில் எதிரே வருபவர் தெரியாமல் போகும். இடியும் அப்படித்தான், ஒதுங்க மரம்கூட இல்லை. ஓப்ராக் கிராமத்தில் 12ஆம் நூற்றாண்டில் அதலார் என்ற பிரபு நிறுவிய மடமும் சத்திரமும் இதற்காகத்தான் எழுந்தன. பனியிலும் மூடுபனியிலும் வழி தவறியவர்களுக்குத் திசை தெரிவதற்காக அங்கே ஒரு மணியை அடிப்பார்கள். தவறியோர் மணி என்றே அதற்குப் பெயர். மடத்தின் தேவாலயமும் கோபுரமும் இன்றும் நிற்கின்றன. வானிலை முன்னறிவிப்பை முந்தின இரவே விடுதிக்காரரிடம் கேளுங்கள். இடி வருமென்று அவர் சொன்னால் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். இன்னொன்று, மேய்ச்சல் நிலத்துக்குள் பாதை போகும்போது தாய்ப்பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது. திறந்த வேலிக்கதவை மறுபடி மூடிவிட்டுப் போக வேண்டும்.

இங்கே ஒரு மாலையாவது அலிகோ சாப்பிடுங்கள். மசித்த உருளைக்கிழங்கில் இளம் பாலாடைக்கட்டி, வெண்ணெய், கிரீம், கொஞ்சம் பூண்டு சேர்த்து, பெரிய பாத்திரத்தில் மரத் துடுப்பால் கிளறுவார்கள். முதலில் அது வெறும் மசியல்தான். கையை நிறுத்தாமல் ஒரே பக்கமாக இழுத்துக் கிளறக் கிளற இழை பிடிக்கும். சமைப்பவர் துடுப்பை ஆள் உயரத்துக்குத் தூக்கினாலும் அறுந்துவிடாமல் தொங்கும். அந்த நிமிடம் பரிமாறிவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். பக்கத்தில் வழக்கமாகத் தொத்திறைச்சி வைப்பார்கள், வேண்டாமென்றால் வெறும் அலிகோவும் கீரைச் சாலடும் போதும்.

சைவம் பற்றிக் கேட்டீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடியும், ஆனால் படுக்கை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். அதுவும் "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடலாம். இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்புத் துண்டு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பச்சைப் பருப்பு சூப்பில்கூடக் கடைசியாகச் சொன்னதைப் போடுவது உண்டு. முட்டை சாப்பிடுவார்களா என்பதையும் தெளிவாக்குங்கள், ஏனென்றால் மாற்று என்று முதலில் வருவது ஆம்லெட். இந்த வட்டாரப் பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டால் உறைய வைப்பவை, அலிகோவில் போடுவது உட்பட. அது வேண்டாமென்பவர்கள் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பகல் உணவுக்கு ரொட்டி, தக்காளி, பழம், கொட்டை வகைகளை முந்தின ஊரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிறு மாலையும் திங்களும் பெரும்பாலும் பூட்டுதான்.

ஓப்ராக்கிலிருந்து இறங்கும்போது உலகமே மாறும். சேன்-ஷெலியில் ஓடைமேல் ஒரு பழைய பாலம், அதன் சிலுவையின் அடியில் கையில் கோலோடு ஒரு சின்ன யாத்திரிகர் செதுக்கப்பட்டிருப்பார். வேகமாகப் போகிறவர் கண்ணில் படமாட்டார், நின்று தேடுங்கள். அப்புறம் பீச் மரக் காடு, கஷ்கொட்டைத் தோப்பு, ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மொத்த இறக்கம், கடைசியில் லோட் ஆற்றங்கரையில் கோபுரக் கூரை முறுக்கிக்கொண்டு நிற்கும் சேன்-கோம். எஸ்பாலியோனின் பழைய பாலமும், ஊருக்கு வெளியே சிவப்புக் கல்லில் கட்டிய பெர்ஸ் தேவாலயமும், எஸ்தேன் கோட்டையும் அடுத்தடுத்து வரும். எஸ்தேனிலிருந்து கோலினியாக் போகும் ஏற்றம் வெயில் நாளில் கடுமை, காலையிலேயே ஏறிவிடுங்கள்.

குழுவைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரும் நாள் முழுக்க ஒன்றாக நடக்க முயலாதீர்கள். ஒருவரின் வேகம் மற்றவருக்குத் தண்டனையாகிவிடும். இரண்டு மூன்று பேராகப் பிரிந்து நடங்கள். எந்த ஊரின் தேவாலய வாசலில் எத்தனை மணிக்குச் சேர்வது என்று காலையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருபவர் தனியாக இருக்கக் கூடாது, அவரோடு நடக்க தினமும் ஒருவர் முறை வைத்துக்கொள்ளட்டும். தார்ச்சாலையை விட்டுக் காட்டுக்குள் திரும்பும் இடத்தில் முன்னால் போனவர்கள் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். அவசர எண் 112, எல்லாருடைய கைபேசியிலும் பாதையின் வரைபடம் இணையம் இல்லாமலே திறக்கும்படி இருக்க வேண்டும். இரவு ஒரே நீள மேசையில் உங்களோடு பிரெஞ்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள், கனடாக்காரர்கள் எல்லாம் உட்காருவார்கள். எட்டுப் பேரும் ஒரே மூலையில் அடைந்துகொள்ளாமல் பிரிந்து உட்காருங்கள். இந்தப் பாதையின் பாதி சுகம் அந்த மேசையில் இருக்கிறது.

தங்குவது ஜீத் எனப்படும் விடுதிகளில். நான்கு முதல் பத்துப் பேர் படுக்கும் அறைகள், இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 45 முதல் 60 யூரோ ஆகும். தனி அறை வேண்டுமென்றால் வீட்டோடு இருக்கும் விருந்தினர் அறைகள் உண்டு, விலை கூடுதல். சில இடங்களில் அட்டை வாங்கமாட்டார்கள், ரொக்கம் வையுங்கள். காலணியை வாசலில் கழற்ற வேண்டும். மூட்டைப்பூச்சி பயத்தால் பல இடங்களில் முதுகுப்பையைப் படுக்கை அறைக்குள் விடமாட்டார்கள். போர்வை தருவார்கள், அதன் உள்ளே போட்டுக்கொள்ளும் மெல்லிய துணிப்பை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பெட்டிக்குக் கவலை வேண்டாம். ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பைகளை வேனில் கொண்டுபோகும் சேவை இந்தப் பாதை முழுக்க இருக்கிறது. பை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்குப் பத்து யூரோ அளவில் ஆகும், எடை வரம்பு உண்டு. எட்டுப் பேருக்கு நாலு பை போதும் என்பது என் கருத்து, இரண்டு பேருக்கு ஒன்று. முதுகில் தண்ணீர், மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, சாப்பாடு, மருந்து. தண்ணீர் தீர்ந்தால் கிராமக் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், குடிக்கத் தகாது என்ற பலகை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளலாம். மாலையில் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், உண்ணி பரப்பும் லைம் நோய் இங்கே உண்டு.

காலம்: ஜூன் அல்லது செப்டம்பர். மே மாதத்தில் பிரெஞ்சு விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் கூட்டம் நெரியும், எட்டுப் படுக்கை ஒன்றாகக் கிடைக்காது. எந்த மாதமானாலும் ஆறு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசாவும் அதே நேரத்தில்தான் திறக்கும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பத்து வெவ்வேறு கிராமங்களில் தங்குவதால் ஒவ்வொரு விடுதியின் உறுதிக் கடிதத்தையும் நாள்வாரி அட்டவணையோடு இணைத்துவிடுங்கள்.

கோங்க்கில் இரண்டு இரவு தங்குங்கள். வந்த அன்று காலும் மனமும் எதையும் பார்க்கும் நிலையில் இருக்காது. ஃபுவா என்ற சிறுமி ஆஜான் நகரில் கிறிஸ்தவ நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவள். அவளுடைய எலும்புகளை 9ஆம் நூற்றாண்டில் கோங்க் மடத்துத் துறவி ஒருவர் திருடிக்கொண்டு வந்ததாக மடத்தின் கதையே சொல்கிறது. அதனால் யாத்திரிகர் குவிந்தார்கள், இந்த மலை இடுக்கில் இவ்வளவு பெரிய ஆலயம் எழுந்தது. பொன்தகடு போர்த்திய அவளுடைய சிலை இன்றும் கருவூலத்தில் இருக்கிறது. புரட்சிக் காலத்தில் ஊர்மக்கள் இந்தச் செல்வத்தைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றினார்கள்.

மேற்கு வாசலுக்கு மேல் இறுதித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்கள், 12ஆம் நூற்றாண்டு. இடப்பக்கம் சொர்க்கம், ஒழுங்காக வளைவுகளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள். வலப்பக்கம் நரகம், அங்கேதான் சிற்பியின் கை விளையாடியிருக்கிறது: வேட்டைக்காரனை முயல் கம்பியில் கோத்து வாட்டுகிறது. சொர்க்கப் பக்கத்தில் சின்ன ஃபுவா குப்புற விழுந்து வேண்டுகிறாள், மேகத்திலிருந்து ஒரு பெரிய கை அவளை நோக்கி நீள்கிறது. அவள் பின்னால் விடுதலையான கைதிகளின் கைவிலங்குகள் தொங்குகின்றன. வெளி வளைவின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள், பழைய வண்ணத்தின் தடயம்கூடத் தெரியும். நடைப்பருவத்தில் இரவு வழிபாட்டுக்குப் பிறகு மடத்துத் துறவி ஒருவர் இந்தச் சிற்பத்தை வாசலில் நின்று விளக்குவார், பிறகு உள்ளே ஆர்கன் வாசிப்பு. பகலில் உள்ளே போனால் ஓவியர் பியர் சூலாஜ் செய்த 104 கண்ணாடிச் சன்னல்கள், 1994இல் பொருத்தியவை. வண்ணமே கிடையாது. காலையில் நீலமாகவும் மாலையில் வெதுவெதுப்பாகவும் நிறம் மாற்றுவது வெளிச்சம்தான். ஒரே நாளில் இரண்டு வேளை போய்ப் பார்க்கத்தான் அந்த இரண்டாவது இரவு.

திரும்புவதற்குக் கோங்க்கில் ரயில் இல்லை. எட்டுப் பேருக்கு ஒரு வேன் டாக்ஸியை முன்பே சொல்லி ரோதேஸ் நகரத்துக்குப் போய்விடுங்கள். சூலாஜ் பிறந்த ஊர் அது, 2014இல் திறந்த அவருடைய அருங்காட்சியகமும் அங்கேதான். பகலில் அதைப் பார்த்துவிட்டு இரவு ரயிலில் ஏறினால் காலையில் பாரிஸ். அந்த ரயில் எல்லா நாளும் ஓடாமல் போகலாம், ஆகவே திரும்பும் தேதியை அந்த அட்டவணை பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.